நீர் செய்த தொண்டு

நகரத்தில் நாம் காணும் வீதிகளின் கீழே நாம் காணாத வீதிகளும் உள்ளன. நம் வீட்டுச் சமையலறையிலும் குளியலறையிலும் கழிப்பறையிலும் வழியும் நீர், சிறு குழாய்களில் இறங்கித் தெருவின் அடியிலுள்ள பெருங்குழாயை அடைகிறது. பல தெருக்களின் நீரும் ஒன்றுகூடிச் சாய்வின் போக்கிலே ஓடிச் சென்று, அதனைத் தூய்மை செய்யும் நிலையத்தைச் சேர்கிறது. இவ்வமைப்பினைப் பாதாளச் சாக்கடை என்பர்.

இத்தகைய அமைப்பு மிகப் பழைமையானது. சிந்துவெளியில் மொகஞ்சதாரோ நகரத்தார் 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே செங்கல்லால் கட்டி மூடிய கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்திருந்தனர். நிலத்தினுள் மறைந்து செல்லும் வழியை நம் முன்னோர் சுருங்கை என்றனர். கோவலன் மதுரை நகரினுட் புகுமிடத்து, யானைகள் செல்லும் அளவு பெரிய சுருங்கை வீதியைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. அம்மதுரையிலேதான் நான் பிறந்து வளர்ந்து தமிழ் கற்பித்தேன். ஆனால், என் தெருவின் கீழுள்ள சுருங்கையைப் பற்றி நெடுங்காலம் எண்ணியதே இல்லை. நன்றாக ஓடும்வரை அதனை நினைப்பவர் யார்? அடைபட்ட அன்றே அது நினைவுக்கு வருகிறது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒருநாள் தெருவில் கழிவுநீர் பொங்கி வழிந்தது. அடைப்பை நீக்க ஒருவர் வந்தார். இடுப்பில் ஒரு துண்டும் ஒரு கயிறும் அன்றி அவர் உடலில் வேறொன்றும் இல்லை. இரும்பு மூடியைத் திறந்து, அக்கருநீரில் கழுத்தளவு இறங்கினார். பின்னர்த் தலையும் மறைந்தது. மேலே நின்றவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் சென்றபின் வெளிவந்தவர், திண்ணையோரம் நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் தண்ணீர்" என்றார். நான் செம்பில் நீர் கொணர்ந்தேன். "தள்ளி நின்று ஊற்று" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அவர் இரு கைகளையும் குவித்தார். நான் எட்டி நின்று வார்த்தேன். அவர் பெயரை நானும் கேட்கவில்லை. தெருவில் எவரும் கேட்கவில்லை.

அவர் எத்தகைய இடத்தில் இறங்கினார் என்பதைப் பின்னாளிலேதான் அறிந்தேன். தேங்கிய கழிவு அழுகுங்கால் ஐதரசன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று உண்டாகிறது. சிறிதளவாயின் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். மிகுந்தாலோ முகரும் புலனையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நீங்கிற்று என ஒருவன் எண்ணும் அக்கணமே அவன் உயிருக்குக் கேடு சூழும். தீப்பற்றும் மீதேன் வாயுவும் ஆங்கே தேங்கும், உயிர்க்காற்றோ குறைந்திருக்கும். ஒருவர் மயங்கி விழ, அவரைக் காக்க இறங்கிய மற்றொருவரும் மாண்டமை பலமுறை நிகழ்ந்துள்ளது.

இக்கொடுமையை ஒழிக்க 1993ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் நம் நாட்டில் சட்டங்கள் இயற்றப்பட்டன. பாதுகாப்பின்றி ஒருவரைக் கழிவுநீர்க் குழியில் இறக்குதல் குற்றமாயிற்று. இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்திற்று. எனினும் இறப்புகள் முற்றும் நின்றுவிடவில்லை. சட்டம் ஒருவனை இறங்காமல் தடுக்கலாம். ஆனால், அடைப்பினை நீக்க வேறு வழியும் வேண்டுமன்றோ?

அவ்வழியை அண்மையில் ஒரு மழைக்காலத்தில் என் வீட்டு வாயிலிலேயே கண்டேன். மீண்டும் தெருவில் கழிவுநீர் பொங்கியது. இம்முறை ஒரு பெரிய லாரி வந்து நின்றது. அதன்மேல் ஒரு நீர்த்தொட்டி. அருகே ஆற்றல்மிக்க ஒரு பம்பு. பின்புறம் உருளையில் சுற்றிய நீண்ட ரப்பர்க் குழாய். கையுறையும் முகமூடியும் அணிந்த இருவர் அடைப்புக்குக் கீழ்ப்புறத்து மூடியைத் திறந்து, உள்ளிருந்த காற்று வெளியேறச் சற்றுநேரம் விட்டனர். பின்னர்க் குழாயின் முனையை உள்ளே செலுத்திப் பம்பை இயக்கினர்.

அம்முனையே இதன் சூழ்ச்சியெல்லாம். அதன் துளைகளுள் பெரும்பாலானவை பின்னோக்கி அமைந்துள்ளன. நீர் பின்னோக்கிப் பீறிட, அதன் எதிர்விசையால் முனை முன்னோக்கித் தள்ளப்படுகிறது. விசை ஒவ்வொன்றுக்கும் ஒப்பான எதிர்விசை உண்டு என்ற நியூட்டன் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். அவ்விதியின்படி, எவரும் தள்ளாமலே அக்குழாய் நீரோட்டத்தை எதிர்த்துப் பாம்புபோல் ஊர்ந்து சென்றது. மோட்டார் வண்டிச் சக்கரத்தினுள் காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் அழுத்தம் உடையது. இந்நீரோ 100 முதல் 150 கிலோகிராம் வரை அழுத்தம் உடையது. அது தோலையும் தசையையும் கிழிக்க வல்லது. ஆதலால் பம்பு ஓடுகையில் முனையை ஒருபோதும் வெளியே எடார். முனை அடைப்பைத் துளைத்து அப்பால் சென்றதும், குழாயை மெல்லச் சுற்றி இழுத்தனர். பின்னோக்கிப் பாய்ந்த நீர், குழாயின் சுவரைச் சுரண்டிக் கழிவையெல்லாம் கீழ்வாயிலுக்கு வாரிக்கொண்டு வந்தது. அங்கே அதனை வெளியே எடுத்தனர்.

வந்தவை யாவை? கட்டியாக உறைந்த எண்ணெய், ஞெகிழிப் பைகள், மணல், தலைமயிர், கந்தல். அக்கந்தலின் பச்சைக் கரையைக் கண்டதும் நான் திடுக்கிட்டேன். அது நான் உடுத்திக் கிழிந்தபின் அடுப்படி துடைக்கக் கிழித்துக் கொடுத்த என் வேட்டியே! தண்ணீர் விரைந்து வடியட்டும் என்று கொல்லைப்புறத்துச் சாக்கடை வாயின் சல்லடையை எடுத்துவைத்தவனும் நானே.

குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தவர்க்கு ஐம்பது வயதிருக்கும். அவரிடம் சென்று, "தம்பி, இவ்வேலைக்கு வந்து எத்தனை ஆண்டுகள்?" என்று வினவினேன்.

"முப்பது ஆண்டுகள் ஐயா. என் தந்தையார் குழியில் இறங்கினார். இளமையில் நானும் இறங்கினேன். இப்போது எங்களுக்குப் பதிலாகத் தண்ணீர் இறங்குகிறது" என்றார்.

அவர் பெயரைக் கேட்டு அறிந்தேன். என் மனைவி கொணர்ந்த நீரை அவர் கையிலேயே கொடுத்தேன். நாற்காலியில் அமர்ந்து பருகினார். அன்று குவிந்த கைகளுக்கு இஃது ஈடாகாது. அதனை நான் அறிவேன்.

மாணவர்களே! அடைப்பு நம் நாட்டிற்கே உரிய இடர் என எண்ணற்க. 2017ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் வொயிட்சேப்பல் பகுதியில், கொழுப்பும் துடைதுணிகளும் இறுகிய ஏறத்தாழ 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட ஓர் அடைப்பைக் கண்டனர். அதனை நீக்கப் பல வாரங்கள் ஆயின. மக்கள் எறிந்ததே அங்கும் அடைத்தது.

முன்னர் ஆள்நுழைவாயில் எனப்பட்ட குழியை இப்போது இயந்திர நுழைவாயில் என வழங்கத் தலைப்பட்டுள்ளனர். தமிழாசிரியனாகிய எனக்கு அச்சொல் பெருமகிழ்ச்சி தருகிறது. ஆயினும், சொல் மெய்யாவது நம் கையில் உள்ளது. இயந்திரம் செல்லவியலாத அளவு குழாயை நாம் அடைத்துவிட்டால், யாரேனும் ஓர் ஏழையைச் சட்டத்தை மீறி உள்ளே இறக்கிவிடுவர். எண்ணெயைக் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் சேர்ப்பதும், துணியையும் ஞெகிழியையும் சாக்கடையில் விடாமையும் மிகச் சிறிய செயல்களே. அச்சிறு செயல்களால் ஓர் உயிர் பிழைக்கவும் கூடும்.

அன்று மாலையே கொல்லைப்புறம் சென்று அச்சல்லடையைக் கழுவி, அதன் இடத்தில் மீண்டும் பொருத்தினேன்.