உறிஞ்சும் குழாயும் காத்திருக்கும் தொட்டியும்

இந்த வாரம் ஒரு குழாயைப் பற்றியும், என் குற்றம் ஒன்றைப் பற்றியும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாம் வாழும் திருவள்ளூர் மாவட்டம் தண்ணீரின் களஞ்சியம் என்பதை நீங்கள் அறிவீர்கள். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் எழும்பிய பூண்டி ஏரி இங்கே இருக்கிறது. 1983-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாய், 1996-இல் கிருஷ்ணா நதிநீர் ஊத்துக்கோட்டை வழியாகத்தான் தமிழகத்துக்குள் வந்தது. கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனோடு 2010-இல் திறக்கப்பட்ட ஆலை காட்டுப்பள்ளியில் நிற்கிறது. கும்மிடிப்பூண்டிக்கு அருகிலேயே கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020-இல் திறக்கப்பட்டது. பெருநகரத்தின் தாகம் தீர்க்கக் கட்டப்பட்டவை இவை. ஆயினும், தொழிற்பேட்டையை அடுத்த நம் தெருக்களில் குழாயைத் திறந்தால் நூல்போலத்தான் தண்ணீர் இறங்குகிறது.

நாங்கள் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்தபோது, ஒன்றுவிட்டு ஒரு நாள், விடியற்காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அந்த ஒரு மணி நேரத்தில் நான்கு குடம் நிறைவதே பெரும்பாடு. குழாய் வேலை செய்யும் தம்பி ஒருவர், "ஐயா, லைன்லயே அரை எச்.பி. மோட்டார் ஒண்ணு போட்டுடலாம். தெருவுல பாதிப் பேர் போட்டிருக்காங்க" என்றார். அது கூடாது என்று நான் அறியாதவன் அல்ல; உள்ளாட்சி அமைப்புகள் இப்படிப்பட்ட மோட்டார்களைப் பறிமுதல் செய்யும் செய்தியைப் பலமுறை வாசித்திருக்கிறேன். ஆனாலும் சம்மதித்தேன். மறுநாள் தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. மாடித் தொட்டி நிறைந்து வழிந்தது. அன்று காலைக் குடும்ப ஜெபத்தில் அதற்காக நன்றியும் செலுத்தினேன்.

மூன்று வாரங்கள் கழித்து, தெருக்கோடியில் தனியாக வசிக்கும் வயதான தாயார் ஒருவரைச் சந்திக்க அதிகாலையில் போனேன். அவர் வீட்டை ஒட்டி, தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்போர் குடியிருக்கும் லைன் வீடுகள் உண்டு; பல குடும்பங்களுக்கு ஒரே குழாய். எல்லாரும் வெறுங்குடங்களோடு நின்றிருந்தார்கள். அந்தத் தாயார் என் கையைப் பிடித்துக் குழாயின் வாயில் வைத்து, "பாருங்க பாஸ்டர் ஐயா, தண்ணி விடுற நேரத்துல இது காத்தை உள்ளே இழுக்குது. தண்ணி வரணும்னு ஒரு ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றார்.

என் உள்ளங்கையைக் குழாய் உறிஞ்சியது. அப்போது மணி ஐந்தரை. அந்த நேரத்தில் என் வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அன்று நான் அவருக்காக ஜெபித்த வார்த்தைகள் என் தொண்டையைத் தாண்டவில்லை.

அன்பானவர்களே, மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. தெருக்குழாயில் இருக்கும் கொஞ்சத்தை, வலிமையுள்ளவன் வீட்டுக்குத் திருப்புகிறது, அவ்வளவே. அதோடு முடிவதுமில்லை. குழாய்க்குள் அழுத்தம் இப்படிக் குறையும்போது, விரிசல்கள் வழியாகச் சாக்கடை நீரும் சேறும் உள்ளே இழுக்கப்படுகின்றன. முதல் வாளித் தண்ணீர் எங்கள் வீட்டில் கலங்கலாய் நாறியதன் காரணம் அன்றுதான் விளங்கிற்று. மீஞ்சூர்ப் பகுதியின் கதையும் இதுவே. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால், கடல்நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே புகுந்து கிணறுகள் உவர்ப்பாயின. நமக்குரியதல்லாததை இழுக்கும்போது, நாம் கேளாததும் கூடவே வருகிறது.

ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கை நினைத்துப் பாருங்கள். அவன் வேலைக்காரர் வெட்டிய கிணற்றுக்குக் கேராரூர் மேய்ப்பர் வழக்காடினார்கள். அதற்கு ஏசேக்கு என்று பேரிட்டு அகன்றான். அடுத்ததற்கும் சண்டை வர, அதைச் சித்னா என்றான். அவனோ பலத்தவன், எதிர்த்து நின்றிருக்கலாம். ஆனால் அப்பால் போய் மூன்றாவது கிணற்றை வெட்டினான். அதற்கு வாக்குவாதம் எழவில்லை. இடம் உண்டான அந்தக் கிணற்றுக்கே ரெகொபோத் என்று பேர்.

அந்த வாரமே லைனிலிருந்து மோட்டாரைக் கழற்றினேன். வாசலருகே 5 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி ஆழத்தில் ஒரு கீழ்த்தொட்டி கட்டினோம். ஏறத்தாழ 2,800 லிட்டர் கொள்ளும். இதன் சூட்சுமம் எளியது. தண்ணீர் 10 மீட்டர் உயரம் ஏற, சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் வேண்டும். நம் தெருவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நாட்கள் உண்டு. ஆகவே சுவர்க்குழாய்க்கு ஏறமாட்டாத நீர், தரைக்குக் கீழுள்ள தொட்டிக்குள் தானாகவே இறங்குகிறது. நிறைந்தால் மிதவை வால்வு அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டும் வீணாகாது. அதே மோட்டார் இப்போது எங்கள் தொட்டியிலிருந்து மாடிக்கு மட்டும் ஏற்றுகிறது. கொசு புகாத மூடியும், மாதம் ஒருமுறை கழுவுதலும் தேவை.

முன்பு வழிந்த மாடித் தொட்டி இப்போது பாதிதான் நிறைகிறது. இரண்டு நாட்களுக்கு அது போதுமானதாயிருக்கிறது.

அந்தத் தாயாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "அன்னைக்கே தெரியும் ஐயா. உங்க வீட்டு மோட்டார் சத்தம் இங்கே வரைக்கும் கேக்கும்" என்றார். என்னைக் கடிந்துகொள்ளவுமில்லை, பரவாயில்லை என்று சொல்லவுமில்லை. உள்ளே போய், எனக்குக் குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் அரைக்குடம் பிடித்து வைத்திருந்த நாளில் எனக்குக் கொடுத்த தண்ணீர் அது. அதைக் குடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

தெருவில் இன்னும் நான்கு வீடுகள் மோட்டாரைக் கழற்றியிருக்கின்றன. மற்றவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தெருக்கோடியில் இப்போது காற்று உறிஞ்சுவதில்லை. மெல்லிதாய்த் தண்ணீர் வருகிறது. அது போதாது. ஆனால் வருகிறது.

உங்கள் வீட்டு மோட்டார் எதிலிருந்து இழுக்கிறது என்று இந்த வாரம் ஒருமுறை குனிந்து பாருங்கள். கீழ்த்தொட்டி கட்ட வசதியில்லாத குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு பொதுத்தொட்டி அமைக்க முடியுமா என்று பேசுங்கள். கொத்தனார் வேலை தெரிந்த சகோதரர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள்; ஆராதனைக்குப் பின் என்னைச் சந்தியுங்கள்.

பிதாவே, அயலானின் குடத்திலிருந்து எடுத்ததற்காக உமக்கு நன்றி சொன்ன என் நாவை மன்னியும். நிறைவதற்குக் காத்திருக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். ஆமென்.