நுளம்பும் வில்லையும்

கமராவைப் பற்றி நம்மவர்கள் பேசும் பேச்சு பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று வியாபாரியின் பேச்சு. புதிதாக வந்த பொருளே சிறந்தது என்பது அதன் சாரம். மற்றது வசதி படைத்த கலாரசிகரின் பேச்சு; விலை உயர்ந்த பொருளே சிறந்தது என்பது அதன் சாரம். இக்கருவியைக் கொண்டு எதைப் பார்க்கப் போகிறோம், யாருக்காகப் பார்க்கப் போகிறோம் என்னும் கேள்வி இவ்விரு பேச்சிலும் எழுவதேயில்லை. மக்ரோ என்று வழங்கும் அண்மைப் படப்பிடிப்பிலோ, இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு ஓரடியும் எடுத்து வைக்க இயலாது. பூவிதழின் மேல் நிற்கும் பனித்துளிக்கு ஒரு கருவி வேண்டும். பறந்து திரியும் தும்பிக்கு இன்னொரு கருவி வேண்டும். பீப்பாய்த் தண்ணீரில் நெளியும் நுளம்புக் குடம்பிக்கு வேறொன்று வேண்டும்.

நான் வெள்ளவத்தையில் விஞ்ஞானம் கற்பிப்பவன். சனிக்கிழமைகளில் என்னிடம் கூடும் மாணவர் வட்டத்திற் பாதிப்பேர் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள். அவர்களுட் பலர் ‘தோட்டம்’ என்று கொழும்பில் வழங்கும் நெருக்கக் குடியிருப்புகளில் வாழ்பவர்கள். பெயர்தான் தோட்டம், ஒரு துளசிச் செடிக்கும் அங்கே இடமில்லை. நீர்க்குழாயொன்றைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், பீப்பாயிலும் வாளியிலும் தண்ணீரைச் சேமித்து வைப்பது எவரது விருப்பமும் அன்று, நிர்ப்பந்தம். அந்தத் தண்ணீரிலேதான் நுளம்பு முட்டையிடுகிறது.

2017இல் இலங்கை முழுவதிலும் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர்; 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். மேல் மாகாணமே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. அவ்வாண்டு நடுப்பகுதியில் என் வகுப்பறையில் வெறுமையாய்க் கிடந்த ஆசனங்களை நான் மறக்கவில்லை. திரும்பி வந்த மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், எங்களைக் கடிச்ச நுளம்பு எப்படி இருக்கும்? போஸ்டரில கீறின படம் வேண்டாம். எங்கட பீப்பாயில இருக்கிறதைக் காட்டுங்கோ.” நாங்கள் கருவி தேடப் புறப்பட்டது அந்தக் கேள்விக்கு விடையாகத்தான்.

முதலில் காண வேண்டியது என்னவென்று வரையறுத்துக்கொண்டோம். முற்ற வளர்ந்த ஈடிஸ் நுளம்பின் உடல் சில மில்லிமீற்றர் நீளமே உடையது. ஈடிஸ் எஜிப்தியின் மார்பின் மேற்புறத்தில் யாழ் போன்ற வடிவில் வெண்கோடுகள் உண்டு. அதன் உறவான ஈடிஸ் அல்போபிக்டஸின் மார்பில் நடுவே ஒற்றை வெண்கோடு ஓடும். குடம்பிப் பருவத்திலோ வேறு அடையாளங்கள். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸின் குடம்பிக்குச் சுவாசக் குழாய் இல்லை. அது நீர்ப்பரப்புக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கும். ஈடிஸும் கியூலெக்ஸும் தலைகீழாகத் தொங்கும். ஈடிஸின் சுவாசக் குழாய் குட்டையும் தடிப்புமானது, கியூலெக்ஸின் குழாய் நீண்டு மெலிந்தது. இவ்வளவையும் தெளிவாகக் காட்டும் கருவி எங்களுக்குப் போதும். குடம்பியிலேயே இரண்டு ஈடிஸ் இனங்களையும் வேறுபடுத்த வேண்டுமானால் வயிற்றின் எட்டாம் துண்டத்திலுள்ள நுண்செதில்களை நோக்க வேண்டும். அது நுணுக்குக்காட்டியின் வேலை. எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாலும் மக்ரோ வில்லை அதைச் செய்யாது.

உருப்பெருக்கம் என்னும் சொல்லையும் இங்கே விளங்கிக்கொள்ள வேண்டும். 1:1 என்றால், பொருளின் விம்பம் கமராவின் உணரியில் அப்பொருளின் உண்மை அளவிலேயே விழுகிறது என்பது கருத்து. உணரியின் அகலம் ஏறத்தாழ 24 மில்லிமீற்றராயின், 6 மில்லிமீற்றர் நீளமுள்ள குடம்பி படத்தின் காற்பங்கு அகலத்தை அடைத்து நிற்கும். சுவாசக் குழாயின் வடிவத்தைக் காண இது தாராளமாகப் போதும்.

இந்த 1:1ஐ எட்டுவதற்குப் பல வழிகள் உண்டு. முதலாவது, இதற்கென்றே செய்யப்பட்ட மக்ரோ வில்லை. 100 மில்லிமீற்றர் குவியத் தூரமுள்ள வில்லையாயின், 1:1 நிலையில் அதன் முகப்புக்கும் பூச்சிக்கும் இடையே ஏறக்குறைய 13 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும். பறந்துவிடக்கூடிய பூச்சியை அணுகுவோர்க்கு இந்த இடைவெளி பெரும் வரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கிண்ணத்திலுள்ள குடம்பி எங்கே பறந்துவிடப் போகிறது? எங்கள் வேலைக்குத் தேவைப்படாத ஒரு வசதிக்காக ஆசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளத்தைக் கொடுப்பதற்கு நியாயமில்லை.

இரண்டாவது, வில்லையின் முன்னே கண்ணாடி போல மாட்டும் குவிவு வில்லை. இதன் பலன், எந்த வில்லைக்கு முன்னே மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. 4 டயொப்டர் வலுவுள்ளதை 50 மில்லிமீற்றர் வில்லையில் மாட்டினால், உண்மை அளவின் ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதையே 200 மில்லிமீற்றர் வில்லையில் மாட்டினால் ஐந்தில் நான்கு பங்கு கிடைக்கும். நீண்ட வில்லை ஏற்கெனவே கைவசம் உள்ளவர்க்கு இது நல்ல வழி.

மூன்றாவது, நீட்சிக் குழாய். இதனுள்ளே கண்ணாடி எதுவும் இல்லை. கமராவிலிருந்து வில்லையைத் தள்ளி நிறுத்தும் வெற்றுக் குழாய், அவ்வளவே. தள்ளிய தூரத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 50 மில்லிமீற்றர் வில்லையை 50 மில்லிமீற்றர் தள்ளினால் 1:1. கடைகளில் விற்கும் தொகுதியில் பெரும்பாலும் 12, 20, 36 மில்லிமீற்றர்க் குழாய்கள் மூன்று இருக்கும். மூன்றையும் சேர்த்தால் 68. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தானே கணக்கிட்டு, தானே பொருத்தி, தன் கணக்குச் சரியென்பதை அளவுகோலைப் படம்பிடித்து நிறுவிக்கொள்ளலாம். இத்தகைய கல்வியை ஆயத்தமாய் வரும் மக்ரோ வில்லை தருவதில்லை.

நான்காவது, வில்லையைத் தலைகீழாகத் திருப்பி, அதற்குரிய வளையத்தால் மாட்டுவது. 50 மில்லிமீற்றர் வில்லை இவ்வாறு ஏறக்குறைய 1:1ஐயும், 28 மில்லிமீற்றர் வில்லை அதன் இருமடங்கையும் தரும். துவாரத்தைக் கையாலேயே திருகிச் சுருக்கும் வளையமுள்ள பழைய வில்லைகளே இதற்கு உகந்தவை. வெள்ளவத்தையில் அவை எங்கே கிடைக்கும் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. 1983க்குப் பின்னர் கடல் கடந்து சென்ற குடும்பங்கள் விட்டுச்சென்ற அலுமாரிகளிலே, படச்சுருள் காலத்துக் கமராக்கள் தோலுறைக்குள் உறங்குகின்றன. எங்கள் வட்டத்தின் முதல் வில்லை அவ்வாறு ஒரு மூதாட்டி கொடுத்ததே. பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று விளக்கில் பிடித்துப் பார்த்து வாங்கிக்கொண்டோம். கடற்காற்று வீசும் ஊரில் அந்தச் சோதனை அவசியம்.

கமராவே இல்லாதவர்க்குத் தொலைபேசியும், அதன்மேல் கிளிப்பால் மாட்டும் சிறு வில்லையும் உண்டு. படத்தின் ஓரங்கள் மங்கும். பொருளை மிக நெருங்க வேண்டியிருப்பதால் தொலைபேசியின் நிழலே அதன்மேல் விழும். ஆயினும் ஈடிஸையும் கியூலெக்ஸையும் பிரித்தறிய அது போதும். இங்கும் ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020இலும் 2021இலும், ஒரே தொலைபேசியை மூன்று சகோதரர் முறைவைத்துப் பிடித்துப் பாடம் கேட்ட வீடுகளை நான் அறிவேன். எல்லோரிடமும் தொலைபேசி இருக்கிறதே என்று சொல்பவர்கள் அவ்வீடுகளுக்குள் நுழைந்து பார்த்தவர்கள் அல்லர்.

வில்லையைத் தெரிந்தெடுத்த பின்னரே உண்மையான சிக்கல் தொடங்குகிறது. 1:1 நிலையில் உணரியை அடையும் ஒளி காற்பங்காகக் குறைந்துவிடுகிறது. எஃப் 8 என்று குறித்த துவாரம் எஃப் 16 போலவே தொழிற்படுகிறது. அத்துடன், தெளிவாக விழும் ஆழமோ ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆழத்தைக் கூட்டுவதற்கென்று துவாரத்தை எஃப் 22 வரை சுருக்கினால், ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவிப் படம் முழுவதையுமே மழுங்கச் செய்யும். எனவே எஃப் 8க்கும் 11க்கும் இடையில் நின்றுகொண்டு, ஒளியைப் பெருக்குவதே வழி. ஆகவேதான் இருக்கும் பணத்தின் பெரும்பகுதியை விளக்குக்கே செலவிடுமாறு எவர்க்கும் கூறுவேன். சிறு பிளாஷ் விளக்கொன்றைக் குறைந்த வலுவில் இயக்கினால், அதன் ஒளி மிகக் குறுகிய கணமே நீடிப்பதால் நெளியும் குடம்பியும் அசையாமல் நின்றதுபோற் பதிவாகும். விளக்கின் முன்னே வெள்ளைத் தாளோ, மெல்லிய ரெஜிஃபோம் தகடோ வைத்தால் ஒளி மென்மையாகும். குடம்பியை அகன்ற கிண்ணத்தில் விடாமல், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஒட்டிய ஒடுங்கிய நீர்க்கூட்டில் விட்டால், அது தெளிவான ஆழத்தை விட்டு விலகிச் செல்ல இயலாது. இந்த நீர்க்கூட்டுக்கு நாங்கள் செலவிட்டது சன்னற் கண்ணாடி வெட்டுபவரின் கழிவுத் துண்டுகளும் கொஞ்சம் பசையுமே. படம் எடுத்து முடிந்ததும் குடம்பிகளை அழித்துவிடுகிறோம். அது எங்கள் வட்டத்தின் மீறமுடியாத விதி.

2022இல் டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாவரை பாய்ந்தது. இறக்குமதியாகும் ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் அதனோடு பாய்ந்தது. தனியொருவர் வாங்கி வீட்டில் பூட்டி வைக்கும் கருவி என்னும் எண்ணத்துக்கு அந்த ஆண்டே விடைகொடுத்துவிட்டோம். ஒரு கமரா உடல், ஒரு குழாய்த் தொகுதி, இரண்டு பழைய வில்லைகள், ஒரு விளக்கு; இவை வட்டத்தின் பொதுச்சொத்து. யார் எடுத்துச் செல்கிறார் என்பது கொப்பியொன்றில் எழுதப்படும். ஒரு குழாயைப் பழுதாக்கியவன் அதைத் திருத்தவும் கற்றுக்கொள்வான். பொதுவுடைமை என்னும் சொல்லை மேடையிற் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. இப்பிள்ளைகள் அதை ஒரு தகரப்பெட்டியில் வைத்துப் பழகுகிறார்கள்.

கமராவின் பார்வை எங்கே திரும்புகிறது என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே ஒரு பாடம் உண்டு. 1934இல் பசில் ரைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ என்னும் படம் தேயிலைப் பிரசார சபைக்காக உருவாயிற்று. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ட் அதற்குக் குரல் கொடுத்தார். அழகான படம், உலகம் போற்றிய படம். அதே 1934இன் இறுதியிலேதான், வரட்சியால் ஆறுகள் குட்டைகளாகச் சுருங்க, அக்குட்டைகளில் அனோபிலிஸ் பெருகி, மலேரியாக் கொள்ளைநோய் மூண்டது. சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 உயிர்களை அது குடித்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்கு நடந்தார்கள், டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்றோர் அதில் முன்னின்றார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. ஆயினும் அடுத்த ஆண்டிலேயே, நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்டீபன்சி மன்னாரில் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதனைக் கண்டறிந்தவை, சிறியதைக் கூர்ந்து நோக்கப் பழகிய கண்களே. அத்தகைய கண்கள் ஆய்வுகூடத்தில் மட்டும் இருந்தாற் போதுமா?

எங்கள் பிள்ளைகள் வெவ்வேறு இடங்களிலிருந்து மாதிரிகளைக் கொண்டு வந்தார்கள். கொட்டாஞ்சேனைப் பீப்பாயில் ஈடிஸ் இருந்தது. வெள்ளவத்தையில், எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்றின் வேலிக்கு வெளியே கிடந்த நீர்த்தொட்டியிலும் ஈடிஸ் இருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்தபோது வகுப்பில் ஓர் அமைதி நிலவியது. நுளம்பு பெருக இடங்கொடுப்பதைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றுண்டு. பீப்பாய்க்காரருக்கும் மாடி கட்டுபவருக்கும் சட்டம் ஒன்றுதான். ஆனால் பரிசோதகரின் வருகைக்கு அஞ்சி நடுங்குபவர் யார், வழக்கறிஞரை வைத்துப் பேசுபவர் யார் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது வேறு: படத்தோடு இடம், திகதி, பாத்திரத்தின் வகை, அளவுகோல் ஆகிய நான்கும் இருக்க வேண்டும்; இல்லாவிடில் அது சாட்சியாகாது. இரண்டு தொட்டிகளைக் கொண்டு நகரம் முழுவதற்கும் தீர்ப்புக் கூறவும் கூடாது. கோபம் நியாயமானதாயினும், அளவீடு அதைவிட நேர்மையாக இருக்க வேண்டும்.

அப்படங்களை அச்சிட்டுத் தோட்டத்துச் சுவரில் ஒட்டினார்கள். முன்னர் கேள்வி கேட்ட மாணவனின் தாயார் நெடுநேரம் அவற்றைப் பார்த்து நின்றாராம். மறுநாள் அங்குள்ள பீப்பாய்கள் பலவற்றுக்குப் பழஞ்சேலைத் துணியால் மூடி கட்டப்பட்டிருந்தது. போதிய நீர்க்குழாய்கள் வேண்டுமென்று மாநகர சபைக்கு எழுதும் மனுவோடு அதே படங்களை இணைக்க வேண்டுமென்று யோசனை சொன்னவரும் அந்தத் தாயாரே. துணிமூடி அவர்களால் இயன்றது. நீர்க்குழாய் அரசு செய்ய வேண்டியது. இரண்டையும் ஒரே படம் கேட்கிறது.

ஆகவே, எந்தக் கருவியை வாங்கலாம் என்று கேட்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் என் விடை இதுவே. முதலில் உங்கள் தெருவில் பார்க்கப்படாமற் கிடப்பது எதுவென்று எழுதுங்கள். அதன் நீளத்தை மில்லிமீற்றரில் எழுதுங்கள். அது ஓடுமா, நிற்குமா என்று எழுதுங்கள். பிறகு கடைக்குச் செல்லுங்கள். அந்தத் தாள் கையிலிருந்தால் எந்த விற்பனையாளராலும் உங்களை ஏமாற்ற முடியாது. மிகச் சிறிய தொகையும் உங்களுக்குப் போதுமானதாகிவிடும்.