வெங்காயம் நட்ட கதை

கோடை விடுமுறைக்கு ஒரு பயிற்சி வேலை எடுத்திருப்பதாக எமது மூத்த மகள் சொன்னபோது நாம் முதலில் மகிழ்ந்தோம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஏதாவது ஆஸ்பத்திரியிலோ கணனி நிறுவனத்திலோ கிடைத்திருக்கும் என்று நினைத்தோம். தென் நியூ ஜேர்சியில், கமக்காரர் வாழும் பகுதியில், கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டம் செய்யப் பழக்கும் வேலை என்று தெரிந்ததும் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது.

"மண் கிண்டவோ பிள்ளை உன்னை இவ்வளவு படிப்பிச்சனாங்கள்?" என்று கேட்டோம்.

அவள் கோபிக்கவில்லை. "பத்துக் கிழமைதானே. சம்பளமும் தருகினம்" என்றாள்.

நாம் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நாம் இருவரும் வலிகாமம் வடக்கில் தோட்டக்காரக் குடும்பங்களில் பிறந்தவர்கள். செம்மண் தறை, வெங்காயம், மிளகாய், புகையிலை. 1990 யூனில் சண்டை மூண்டபோது பள்ளிக்கூடப் பிள்ளைகளாக, உடுத்த உடையோடு வெளிக்கிட்டோம். காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அன்றிலிருந்து மண் என்றால் எமக்கு இழப்பு. பிள்ளைகளாவது கையில் மண் படாமல் பிழைக்கட்டும் என்றே எண்ணியிருந்தோம்.

மகள் சேர்ந்தது பல்கலைக்கழகத்தின் விவசாய விரிவாக்க அலுவலகம் ஒன்றில். புதிதாக வந்தோர் பலருக்கு இதைப் பற்றித் தெரியாது; எமக்கும் தெரிந்திருக்கவில்லை. கவுண்டி எனப்படும் மாவட்டங்களில் இவ்வாறான அலுவலகங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் கண்டறிந்ததைக் கிராமத்துக்குக் கொண்டு செல்வதற்காக 1914இல் நிறைவேறிய சட்டத்தினால் உருவானவை இவை. இவற்றின் சிறுவர் பகுதிக்கு 4-எச் என்று பெயர். தலை, இதயம், கைகள், உடல்நலம் ஆகிய நான்கு சொற்களும் ஆங்கிலத்தில் அந்த எழுத்தில் தொடங்குகின்றன. 1902இல் ஒகாயோ மாநிலத்தில் ஏ. பி. கிரகாம் என்ற கல்வி அதிகாரி தொடங்கிய சிறுவர் கழகத்தை இதன் ஆரம்பமாகச் சொல்வார்கள். பழகிய முறையைக் கைவிடக் கமக்காரர் தயங்கிய காலம் அது. பிள்ளைகள் புதிய முறையில் பயிரிட, விளைச்சலைக் கண்ணால் கண்ட பெற்றோரும் மெல்ல மாறினார்கள்.

யூலை நடுப்பகுதியில் ஓர் இரவு மகள் தொலைபேசி எடுத்தாள். "பிள்ளையளின்ர பாத்தி எல்லாம் மத்தியானத்துக்குள்ள வாடிப்போகுது. காலமை தண்ணி விட்டாலும் நிக்குதில்லை. என்ன செய்யிறது?"

"மண்ணை நனைச்சுக் கையில பொத்திப் பார். உருண்டையா நிக்குதோ, உதிருதோ?"

"உதிருது."

மணல் மண். தென் நியூ ஜேர்சியின் பெரும்பகுதி அப்படித்தான். தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு நாம் மாறி மாறிச் சொன்னோம். ஊரில் பூவரசங் குழையை வெட்டித் தோட்டத்தில் தாழ்ப்பது, இரவில் மாட்டுப் பட்டி அடைத்து மண்ணுக்கு உரம் ஏற்றுவது, வெய்யில் ஏறமுதல் இறைத்து முடிப்பது எல்லாம் சொன்னோம். குழை உக்கினால் மண் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அங்கே பூவரசு இல்லை, வைக்கோல் இருந்தது. அதைப் பாத்திக்கு மேலே தடிப்பாகப் பரப்பச் சொன்னோம். அலுவலகத்திலும் மறுநாள் அதையே சொன்னார்களாம்.

அன்றிரவு நாம் சொல்லி முடித்ததும் மறுமுனையில் சற்று நேரம் சத்தம் இல்லை. பிறகு கேட்டாள்: "அம்மா, உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

அந்தக் கேள்வி எம்மைச் சுட்டது. இடம்பெயர்ந்த கதை எமது பிள்ளைகளுக்குத் தெரியும். பதுங்குகுழி தெரியும். வெங்காயம் நட்ட கதை தெரியாது. இழந்ததைச் சொன்ன நாம், இழக்கமுதல் யாராக இருந்தோம் என்பதைச் சொல்லவில்லை. அவளுக்கு நாம் களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குபவர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உறைத்தது. 1977 வன்செயலின் பின் அகதிகளாக வந்த மலையகக் குடும்பங்களைக் காந்தீயம் அமைப்பினர் வவுனியாப் பக்கம் குடியேற்றினார்கள். அவர்கள் பயிர் செய்யவும், பாலர் பள்ளிகள் நடத்தவும் இளைஞர்களும் யுவதிகளும் தொண்டாற்றினார்கள். அதை நடத்தியவர்களில் ஒருவரான டாக்டர் இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்தத் தொண்டை உயர்வாகப் பேசக் கேட்டு வளர்ந்த நாம், எமது மகள் அதே வகையான வேலைக்குப் போனபோது முகம் சுழித்தோம்.

ஓகஸ்ற் தொடக்கத்தில் பிள்ளைகளின் கண்காட்சிக்குப் போனோம். மேசைகளில் தக்காளி, அவரை, மிளகாய். முதலிடத்துக்கு நீல நாடா, இரண்டாமிடத்துக்குச் சிவப்பு. மிளகாய் வைத்திருந்த பையனின் பெற்றோர் மெக்சிக்கோவிலிருந்து வந்து பழத்தோட்டத்தில் வேலை செய்பவர்கள். தாய்க்கு ஆங்கிலம் குறைவு. எமக்கு ஸ்பானிய மொழி தெரியாது. அவர் ஒரு மிளகாயை முறித்து நீட்டினார். முகர்ந்து பார்த்தோம். நல்ல உறைப்பு. பையன் எம்மைப் பின்பக்கம் கூட்டிப்போய், பாத்தியில் வைக்கோலை விலக்கி, கீழே இருந்த ஈரத்தைக் காட்டினான். சிவப்பு நாடாவை விட அதுதான் அவனுக்குப் பெருமை.

புதிதாக வந்த பெற்றோருக்குச் சில விடயங்கள். நியூ ஜேர்சியில் றட்கேர்ஸ், கலிபோர்ணியாவில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகம், ரெக்சாசில் ரெக்சாஸ் ஏ அன்ட் எம் ஆகியவை இந்த அலுவலகங்களை நடத்துகின்றன. கோடைப் பயிற்சிக்குப் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். சிலவற்றுக்குச் சம்பளம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை, முன்கூட்டியே கேளுங்கள். அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்கள் சம்பள வேலைக்கு, வேலை அனுமதிப் பத்திரம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டம் செய்வதானால் நியூ ஜேர்சியில் மே நடுப்பகுதி வரை உறைபனிப் பயம் உண்டு. ஹூஸ்ரனில் மாசி, பங்குனியிலேயே நடலாம். சன்பிரான்சிஸ்கோவின் மூடுபனியில் வெண்டி வராது. சன்ஹோசே வெய்யிலில் வரும். 1978க்கு முன் கட்டிய வீடானால் சுவரோரத்து மண்ணில் பழைய பெயின்ரின் ஈயம் இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் கீரை போடாதீர்கள்.

இப்போது எமது வீட்டில் ஒரு கொப்பி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் கேட்கிறாள், நாம் சொல்கிறோம், அவள் எழுதுகிறாள். வெங்காயம் முடிந்து புகையிலைக்கு வந்திருக்கிறோம். உங்கள் பிள்ளைகள் கேட்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம்.