தாம்புக் கயிறு மாதிரி ஒரு ஒயர்!

எங்கள் வீட்டில் பொழுது விடிவதே பாட்டோடுதான். நான் டிகாக்‌ஷன் இறக்குவதற்குள் கூடத்தில் நாதஸ்வரமோ வீணையோ ஆரம்பித்துவிடும். என்னவருக்கு வேறு எந்தப் பழக்கமும் கிடையாது, வெற்றிலைகூடப் போடமாட்டார். சம்பளத்தில் ஒரு பங்கு பாட்டுப் பெட்டிக்குப் போகும், அவ்வளவுதான். "சீட்டாடுற புருஷனா, குடிக்கிற புருஷனா? பாட்டுதானே கேட்கிறார், விட்டுடும்மா" என்று என் அம்மா புத்தி சொல்வாள். நானும் விட்டுவிட்டேன்.

போன தீபாவளிக்கு போனஸ் வந்தபோதுதான் வினையும் கூடவே வந்தது. அவருடைய சிநேகிதர் ஒருவர், "ஆம்ப்ளிஃபையரோட கொடுக்கிற ஒயர் வெறும் நூலுப்பா. கனமான பவர் கார்டு வாங்கிப் போட்டுப் பாரு, பாடறவங்க எதிர்ல வந்து உட்காருவாங்க" என்று தூபம் போட்டுவிட்டார். ஒரே மாதத்தில் வெளிநாட்டிலிருந்து பார்சல் வந்தது. விலை 18,000 ரூபாய்! குழந்தையின் காதுகுத்துக்கு என்று நான் மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்த தொகை. வாயைத் திறக்கவில்லை.

பிரித்துப் பார்த்த என் மாமியார் மோவாயில் கை வைத்துக்கொண்டார். "என்னடா இது, கிணத்துத் தாம்புக் கயிறு மாதிரி இருக்கு!"

உண்மைதான். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் அளவுக்குப் பருமன். வளைத்தால் முறுக்கிக்கொண்டு நிமிரும். அலமாரியை முக்கால் அடி முன்னால் நகர்த்திய பிறகுதான் அது வளைவதற்கு இடம் கிடைத்தது. அதன் பிளக் அமெரிக்கப் பாணி. இரண்டு தட்டைப் பின், ஒரு உருண்டைப் பின். நம் சுவர் பாயிண்டில் போகாது. கடைத்தெருவில் ஒரு மல்டி பிளக் வாங்கி வந்து, அதற்குள் இதைச் செருகி, அதைச் சுவரில் செருகினார். முழுப் பாரமும் அந்தச் சின்னப் பிளக்கில் தொங்கியது.

இரண்டே நாளில் பாட்டுக்கு நடுவே 'கரகர' என்று சத்தம். "ஒயர் புதுசு. 100 மணி நேரம் ஓடினால்தான் பழகும்" என்றார். "வண்டி மாட்டைக்கூட அதுக்குள்ள பழக்கிடலாமேடா!" என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தோம். அப்போதே எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. என் தப்புதான்.

அன்று வெள்ளிக்கிழமை. சின்னவனுக்கு 11 மாதம். எது கிடைத்தாலும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிற பருவம். விளக்கேற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தால் பிள்ளையைக் காணோம். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், அந்த முக்கால் அடிச் சந்துக்குள் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது.

ஒரு கையால் அந்த ஒயரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நிற்கிறான். அவன் இழுத்த இழுப்பில் மல்டி பிளக் பாதி வெளியே வந்துவிட்டது. பித்தளைப் பின்கள் பளபளவென்று தெரிகின்றன. இன்னொரு கை அதை நோக்கிப் போகிறது. பாட்டு பாடிக்கொண்டே இருக்கிறது. அப்படியென்றால் பின்களில் கரண்டும் இருக்கிறது!

எப்படித்தான் தோன்றியதோ, முதலில் ஸ்விட்சைத் தட்டினேன். பிறகுதான் பிள்ளையை வாரி எடுத்தேன். சற்றுப் பொறுத்து மல்டி பிளக்கைத் தொட்டால் அப்பளம் பொரித்த எண்ணெய்ச் சட்டி மாதிரி சுட்டது. ஓரத்தில் பழுப்பாகக் கருகியிருந்தது.

அன்றிரவு நான் சண்டை போடவில்லை. சாப்பிடவும் இல்லை. அவரே ஒயரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, தூங்குகிற பிள்ளையின் விரல்களைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் எங்கள் தெருவுக்கெல்லாம் வேலை செய்யும் ஒயர்மேன் அண்ணன் வந்தார். ஆம்ப்ளிஃபையரின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். "200 வாட்னு போட்டிருக்கு, பாருங்க தங்கச்சி. நம்ம வீட்டுக்கு வர்றது 230 வோல்ட். கணக்குப் போட்டா இது இழுக்கிறது 1 ஆம்பியர்கூட முழுசா இல்லை. உங்க இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். அது இதைவிட அஞ்சு மடங்கு இழுக்குது. அதோட ஒயர் எவ்வளவு தடிமன்னு பாருங்க!"

"அப்போ இந்தக் கனம் எதுக்கு அண்ணே?"

"சுவத்துக்குள்ள ஓடுற ஒயரே இதைவிட மெல்லிசு. தெரு முழுக்க ஒல்லிக் குழாய்ல வர்ற தண்ணிக்கு, கடைசி ஒண்ணரை மீட்டர் மட்டும் பெரிய குழாய் போட்டா தண்ணி கூடுமா?"

கெடுதல் வந்த வழியையும் விளக்கினார். பிளக்கோ, ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கச் செருகலோ வெறும் இறுக்கத்தால்தான் நிற்கிறது. பூட்டு எதுவும் கிடையாது. பாரம் கீழே இழுத்தால் பின் சாயும். பின்னும் குழியும் சரியாக ஒட்டாமல் நுனியில் மட்டும் பட்டால் அந்த இடத்தில் சூடு ஏறும். சூட்டில் உள்ளேயிருக்கும் பித்தளை தளரும். தளர்ந்தால் இன்னும் சூடு. அந்தக் 'கரகர'வும் இதனால்தானாம்!

"நானே பிளக்கை மாத்தியிருக்கலாம் போல" என்றார் என்னவர். ஒயர்மேன் அண்ணன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நம் ஊர்ப் பழைய வழக்கத்தில் சிவப்பு கரண்ட், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்க ஒயரிலோ கறுப்புதான் கரண்ட், வெள்ளை நியூட்ரல்! தெரியாமல் கை வைத்தால் தலைகீழாகிவிடும். அந்தப் பிளக்கில் 125 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருந்தது. நம் 230-க்கு அது ஏற்றதே இல்லை.

அவர் செய்து கொடுத்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். ஒயர் நம் வோல்டேஜுக்கு ஏற்றதுதானா என்று முதலில் பார்த்துக்கொண்டார். மல்டி பிளக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற பாயிண்டும் போட்டார். பாயிண்டைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் ஆம்ப்ளிஃபையர் உயரத்துக்கே ஏற்றினார். ஒயர் கீழே தொங்க வேண்டியதில்லை. மாமியாரின் பழைய மணைப் பலகையை அறுத்து, ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் முட்டுக்கொடுத்தார். ஒயர் இப்போது அதன்மேல் படுத்திருக்கிறது. நடுவில் ஒரு நாடாவால், கொஞ்சம் தளர்வு விட்டு அலமாரிக் காலோடு கட்டினார். யாராவது இழுத்தாலும் இழுப்பு காலோடு நின்றுவிடும், பின்னுக்குப் போகாது. அலமாரியின் இரண்டு பக்கச் சந்தையும் பலகையால் அடைத்தாயிற்று.

மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் வைத்தோம். கரண்ட் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிந்தால் 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டித்துவிடும். ஆனால் அதை நம்பி அலட்சியமாக இருக்கக்கூடாது. கரண்ட் பின், நியூட்ரல் பின் இரண்டையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் அதற்குத் தெரியாமலே போகலாம். என் பிள்ளை நீட்டிய கை அப்படிப்பட்ட கைதான்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு விளையாட்டுப் புத்தி. "கண்ணைக் கட்டிக்கோங்க. நான் பழைய ஒயரையும் புது ஒயரையும் மாத்தி மாத்திப் போடறேன். எதுன்னு சொல்லுங்க, பார்ப்போம்" என்றேன். ஒவ்வொரு தடவையும் ஸ்விட்சை அணைத்துத்தான் மாற்றினேன். 10 தடவை கேட்டார். 5 சரி, 5 தப்பு! பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

துண்டை அவிழ்த்துவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "போகட்டும், பார்க்க அழகா இருக்கில்ல? இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். நானும் சரி என்றேன். ஆபத்து போன பிறகு ஆசையோடு எனக்கென்ன சண்டை? காதுகுத்துக்குப் பணத்தை வருகிற போனஸில் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். மாமியார்தான் சாட்சி.

சகோதரிகளே, பாட்டுப் பெட்டி இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டில் மிக்ஸி உண்டு, இஸ்திரிப் பெட்டி உண்டு. வேலை முடிந்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் மேல்பக்கத்தை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். சுட்டால், அல்லது பழுப்பேறியிருந்தால், நாளைக்கு என்று தள்ளாமல் ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள். எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செருகுவது கூடவே கூடாது.

கனமான சாமான் எது வீட்டுக்கு வந்தாலும் இப்போதெல்லாம் நான் விலையைக் கேட்பதில்லை. அதன் பாரம் எதில் தொங்குகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.