சஹனில் ஆறாவது ஆள்

கலியாண வீட்டுச் சஹனில் சாச்சி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பிறவியிலேயே பிளந்த மேலுதடு; முக்காட்டால் மறைத்தபடி குசினியில் தனியே சாப்பிடுவார்.

60 வயதில் சத்திரசிகிச்சைக்கு ஆசைப்பட்டபோது, "இந்த வயசில என்னத்துக்கு அழகு?" என்றது ஊர். "அல்லாஹ்ட படைப்ப மாத்தலாமா?" என்றனர் சிலர். நானும் வாய்திறக்கவில்லை.

வைத்தியர் விசாரித்தது சீனி வருத்தம், பிரஷர், இருதயம் பற்றித்தான். சிசுவுக்கு 3 மாதமளவில் உதட்டைத் தைப்பார்களாம். தவறினால் எந்த வயதிலும் தைக்கலாம், உடல் தாங்கினால் போதும் என்றார்.

குலாப் போரில் மூக்கிழந்த ஸஹாபி அர்பஜாவுக்குத் தங்க மூக்குப் பொருத்தச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். அந்த ஹதீஸில் வயது பற்றிய பேச்சே இல்லை.

சென்ற மாதம் ஒரு கலியாணத்தில், வாயிலிருந்து முக்காட்டை விலக்கி, எங்கள் சஹனில் ஆறாவது ஆளாகச் சாச்சி உட்கார்ந்தார். தலைகுனிந்து சாப்பிட்டவள் நான்தான்.