பிரதிக்ஞையைத் திருத்தி எழுதுதல்

ஆங்கில வருஷம் பிறந்த முதல் வாரத்தில் எங்கள் தேகாப்பியாசக் கூடத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைப்பது என்ற பிரதிக்ஞையை வீட்டிலேயே செய்து முடித்துக்கொண்டு, அதை நிறைவேற்றித் தரும் பொறுப்பை மட்டும் என்னிடம் ஒப்படைக்க வருகிறார்கள். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் சொல்லிக்கொடுப்பதே என் தொழில் என்று ஊரார் நினைத்தாலும், ஜனவரியில் நான் செய்கிற முக்கியமான காரியம் அந்தப் பிரதிக்ஞையைத் திருத்தி எழுதிக் கொடுப்பதுதான்.

எடையை இலக்காக வைத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. சரீரத்தில் மாவுச்சத்தின் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன், தன்னைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரையும் சேர்த்துப் பிடித்துவைத்திருப்பதால், சோற்றைத் திடீரென்று குறைத்தவுடன் அந்த நீர் வெளியேறி, தராசு முள் சரசரவென்று இறங்க, மனிதர் ஆனந்தக் கூத்தாடுகிறார். பிறகு முள் அசையாமல் நின்றதும், கொழுப்பு மெல்லக் கரைந்துகொண்டிருக்கும் அந்த வேளையிலேயே, இது நமக்குச் சித்திக்காது என்று விரக்தியடைந்து வீட்டோடு நின்றுவிடுகிறார். அளந்தே தீரவேண்டும் என்பவருக்கு இடுப்பளவு நாடாவைக் கொடுக்கிறேன். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80-ம் வரம்பு.

ஆகார விஷயத்தில் நான் முதலில் விசாரிப்பது, வீட்டில் சமைப்பவர் யார், மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்பவற்றையே. சாப்பிட்டதை ஞாபகத்திலிருந்து சொல்லும்போது யாவரும், பொய் சொல்லும் எண்ணம் சிறிதும் இல்லாமலே, மாலை நேரத்து வடையை மறந்துவிடுகிறார்கள். மளிகைச் சீட்டுக்கு அந்த மறதி இல்லை. (கடலைமாவில் செய்தது என்பதால் பஜ்ஜியைப் பருப்பு வகையில் சேர்க்க வாதாடிய வக்கீல் ஒருவரையும் நான் கண்டதுண்டு.) ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம், கிராமுக்கு 9 கலோரி வீதம் 8,000-க்கு மேல் ஆகிறது. நால்வர் கொண்ட குடும்பம் மாதம் ஒரு லிட்டர் குறைத்து வாங்குமானால், யாரும் பட்டினி கிடக்காமல், தலைக்கு ஒரு நாள் ஆகாரத்துக்குச் சமமான சக்தி மிச்சமாகிறது. சோறு ஒரு கரண்டி குறைந்த இடத்தில் கீரையும் சுண்டலும் ஏறட்டும் என்பது அடுத்த மாதத்து ஏற்பாடு. இன்சுலின் போட்டுக்கொள்பவர் மட்டும் வைத்தியரைக் கேளாமல் சோற்றைக் குறைக்கலாகாது. மருந்து பழைய அளவிலேயே இருக்க ஆகாரம் குறைந்தால், இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும்.

உழைப்புக்கு, உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் கூறிய வாரம் 150 நிமிஷ மிதமான பயிற்சியும், இரண்டு நாள் தசைப் பயிற்சியுமே என் கணக்கு. தினம் பத்தாயிரம் அடி என்பது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிரபலமானது. அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. புதியவரைத் தரையில் தண்டால் எடுக்க நான் விடுவதில்லை. தசை சீக்கிரம் பலப்பட்டாலும் அதை எலும்போடு பிணைக்கும் நாண்கள் மெதுவாகவே பலப்படுவதால், சுவரில் கையூன்றித்தான் ஆரம்பம்.

பிரதிக்ஞைகள் பெரும்பாலும் முறிவது பொங்கலில். மார்கழி நடுவில் சங்கற்பம் செய்துகொண்டவர், கோயில் வெண்பொங்கலை எப்படியோ சமாளித்து, தை முதல் தேதி சர்க்கரைப் பொங்கலின் முன் தோற்று, விரதம் பங்கமாகிவிட்டதென்று முழுவதையும் கைவிடுகிறார். பழக்கம் படிவதைப் பற்றி லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, அதற்குச் சராசரியாக 66 நாளும், ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாளும் ஆகுமென்று கணித்ததோடு, இடையில் ஒரு நாள் தவறுவதால் பெரிய பாதகமில்லை என்றும் கண்டது. ஆகவே போகி முதல் காணும் பொங்கல் வரை ஆகாரக் கணக்கு கிடையாது என்று நானே எழுதிவிடுகிறேன். தோற்பதற்கு அங்கே ஒன்றும் இருப்பதில்லை.

சென்ற ஜனவரியில் வந்த வங்கி உத்தியோகஸ்தர் ஒருவரை மனைவியையும் அழைத்து வரும்படி சொன்னேன். "எண்ணெய்க் கணக்கை இவரிடம் கேட்டால் என்ன தெரியும், சார்?" என்று அந்த அம்மாள் சிரித்தார். ஒரு லிட்டர் குறைப்பது, இரவு சாப்பாட்டுக்குப் பின் இருவரும் இருபது நிமிஷம் நடப்பது என்று எழுதிக் கொடுத்தேன். "இவ்வளவுதானா?" என்று உத்தியோகஸ்தர் முகம் சுளித்தார். மீதியை மாசியில் பேசுவோம் என்று தேதி குறித்தேன்.