மடக்கெழுத்தாணி

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருகவென மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபொழுது, எதனை எழுதுவதெனச் சில நாள் மயங்கினோம். எமது மேசை இழுப்பறையிற் கிடக்கும் சிறு கருவியொன்று அம்மயக்கத்தைத் தீர்த்தது. அதன் பெயர் மடக்கெழுத்தாணி. வகுப்பில் அதனைக் காட்டும்போதெல்லாம், "சேர், இது கத்தியோ, பேனையோ?" என மாணவர் வினவுவர். இரண்டும் என்பதே விடை.

ஒரு சாணினுங் குறைந்த பித்தளைப் பிடி. அதன் இரு தலைப்பிலும் ஒவ்வொரு தறையாணி. ஒன்றிற் கத்தியும் மற்றதில் எழுத்தாணியும் பொருந்தியுள்ளன. வேண்டும்போது விரிக்கலாம், வேண்டாதபோது பிடியின் பள்ளத்துள் மடக்கி மடியிற் செருகலாம். கத்தியின் அலகு சிறியது. முதுகு தடித்து, வாய் மெலிந்திருக்கும். எழுத்தாணியோ திரண்டு சென்று முனையிற் கூர்ப்பது. அக்கூர் அளவோடிருத்தல் வேண்டும். மிகின் ஓலை கிழியும். குறையின் எழுத்துப் பதியாது.

எழுதுகருவியிற் கத்திக்கு என்ன வேலை? நம் முந்தையோர் எழுதுமுன் ஓலையைத் தாமே ஆக்கிக்கொண்டனர். பனையோலையைத் தெரிந்தெடுத்து, ஈர்க்கு நீக்கி, அளவாக நறுக்கி, அவித்து உலர்த்தி, மழமழப்பான கல்லாலோ சங்காலோ தேய்த்துப் பதப்படுத்தினர். ஈர்க்கை ஒதுக்கவும் ஓரத்தை ஒப்ப வாரவும் உதவியது இக்கத்தியே. இடக்கைப் பெருவிரல் நகத்தில் எழுத்தாணியைத் தாங்கிக் கீறினர். பின்னர்க் கரி பூசி எழுத்தை விளங்கச் செய்தனர். புள்ளியிட்டால் ஓலை துளைபடுமென அஞ்சிப் புள்ளியை விடுத்தே எழுதினர். அதனால் எகரமும் ஏகாரமும் மயங்கின. மெய்யும் உயிர்மெய்யும் மயங்கின. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபொழுது பட்ட பாட்டில் இம்மயக்கமும் ஒரு பங்கு.

இவற்றையெல்லாங் கேட்டபின் மாணவர் மற்றொன்றும் வினவுவர்: "இதனால் எழுதிய ஏடு எங்கே, சேர்?" பல்லாண்டாக இதற்கு மழுப்பியே விடை கூறினோம். இங்கே உண்மையைக் கூறுகின்றோம்.

எம் பேரனார் ஊர்ப் பரியாரியார். அவர் தந்தையார் இவ்வெழுத்தாணியால் எழுதிய வாகட ஏட்டுக்கட்டொன்று வீட்டுப் பெட்டகத்தில் இருந்தது. எழுத்தாணியும் அக்கட்டோடு செருகப்பட்டிருந்தது. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபொழுது எமக்கு வயது 15. "தம்பி, பெட்டகத்துக் கட்டை மறவாமல் எடுத்து வா" என்று கூறிப் பேரனார் முன்னே நடந்தார். யாம் பெட்டகத்தைத் திறந்தோம். கட்டுப் பாரமாயிருந்தது. கத்தியோ வழியில் மாங்காய் சீவ உதவுமென எண்ணினோம். எழுத்தாணியை உருவிச் சட்டைப்பையில் இட்டோம், கட்டை விட்டுவிட்டோம்.

மறுநாள் சாவகச்சேரியிற் பேரனார், "கட்டு எங்கே?" என்றார். யாம் எழுத்தாணியை நீட்டினோம். அவர் கத்தியை விரித்துப் பார்த்தார், மடக்கினார், எம் கையிலேயே திருப்பித் தந்தார். ஏசவில்லை. பின்னர் ஒருபோதும் அதுபற்றிப் பேசவுமில்லை. 1996இல் வீடு திரும்பியபொழுது கூரையில்லை. மழையில் ஊறிய பெட்டகத்துட் கறையான் மண்ணே இருந்தது.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபொழுது அங்கிருந்த ஏடுகளும் அழிந்தன. அதற்குப் பிறர்மீது பழி கூறலாம். எம் வீட்டு ஏட்டுக்கு யாரைக் கூறுவோம்?

சென்ற ஆண்டு மாணவர் சிலர் ஓலை கொணர்ந்து இக்கத்தியால் வாரி, தத்தம் பெயரை எழுத முயன்றனர். முதல் ஓலைகள் கிழிந்தன. ஒரு மாணவன் மாத்திரம் ஒரு வரி முற்றும் எழுதினான். அவ்வோலையை எழுத்தாணியுடன் சேர்த்துக் கட்டி வைத்துள்ளோம்.

பழைய மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் அல்லது பரணில் ஏட்டுக்கட்டு உளதேல், இவ்விடுமுறையிலேயே அதனை இறக்கிப் பாருங்கள். படியெடுக்கவும் படம்பிடிக்கவும் எம் மாணவர் மனமுவந்து வருவர். கட்டுப் பாரமாயிருப்பினும் விட்டுவிடாதீர்கள்.